டீச்சரை மாற்றினோம், கேட் கொளுக்கியை மாற்றினோமா?



நேர்சரிகளின் விடுகை விழாக் காலம் இது. பேஸ்புக்கைத் திறந்தால் கறுப்பு கவுனும் தொப்பியும் போட்ட ஐந்து வயதுப் பட்டதாரிகள். மாஷா அல்லாஹ், பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. மண்டபம், ஒலிபெருக்கி, பிரதம அதிதிக்குப் பொன்னாடை, பிள்ளைக்கு இரண்டு மூன்று உடுப்பு, வீடியோக்காரர், வந்தவர்களுக்குச் சிற்றுண்டி. ஒரு வீட்டில் இதற்குப் போகும் காசு பல மாத நேர்சரிக் கட்டணத்துக்குச் சமம். யாரும் முணுமுணுப்பதில்லை. விழா வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. மேடையேறி மைக்கைப் பிடித்து ஒரு சூறா ஓதிய பிள்ளை தரம் ஒன்றுக்கு வரும்போது எவ்வளவு தைரியமாக வருகிறது என்பதை ஆசிரியர்களான நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம். ஆனால் அதே நேர்சரியின் வளவுக்குள் இருக்கும் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று விழாவுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்?

கடந்த வருடம் பக்கத்து ஊரொன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரும் நேர்சரிப் பெயரும் வேண்டாம், எந்த ஊரிலும் நடக்கக் கூடியதுதான். இடைவேளை நேரம். நாலு வயது மகன் ஒருவன் கேட்டின் கொளுக்கியைத் தட்டித் திறந்துகொண்டு வெளியே வந்து, பிரதான வீதியின் நடுக்கோடு வரைக்கும் போய்விட்டான். சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு வந்த ஒரு காக்கா, மீன் பெட்டியோடு சைக்கிளை அப்படியே விழவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு கீறல்கூட இல்லை.

அன்று பின்னேரம் வட்ஸ்அப் குறூப்பில் வேறு கதை ஓடியது. டீச்சர் போன் பார்த்துக்கொண்டிருந்தாவாம் என்று ஒருவர் எழுதினார். அதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. இஷாவுக்குள் அந்த டீச்சரின் பெயர் ஊரெல்லாம் கெட்டுப்போனது, மறுநாள் நிர்வாகம் அவரை நிறுத்தியது. அந்த நேரத்தில் அவர் உண்மையில் செய்துகொண்டிருந்தது, வாந்தி எடுத்த இன்னொரு பிள்ளையைக் கழுவிவிட்டதுதான். மற்ற டீச்சர் லீவு. இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு அன்று அவர் ஒரே ஆள்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பக்கம் போனோம். புது டீச்சர் வந்திருந்தார். கேட்டில் அதே கொளுக்கி, அதே உயரத்தில், நாலு வயதுக் கைக்கு எட்டுகிற அதே இடத்தில் இருந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகாவிட்டால் டீச்சரைத் திட்டுவோம், ஏதாவது ஆகிவிட்டால் கத்ர் என்போம். இதுதான் நமது பழக்கமாகிவிட்டது. கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி, அதில் பேச்சில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கட்டுகிற வேலை நம்முடையது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மூழ்கினார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இரண்டு தடவையும் அழுதோம், துஆ கேட்டோம், ஜனாஸாப் படங்களைப் பகிர்ந்தோம். அதற்குப் பிறகு, வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும் காலையில் நேர்சரியை மூடுவதா திறப்பதா என்பதை யார் தீர்மானிப்பது, எத்தனை மணிக்குப் பெற்றோருக்குச் சொல்வது, வந்த பிள்ளைகளை எந்த வழியால் அனுப்புவது என்று ஒரு தாளிலாவது எழுதி வைத்த நேர்சரி நம் பகுதியில் எத்தனை இருக்கிறது?

முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுவோம். நம் கரையோர ஊர்களில் மணல் நிலம், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். பழைய கிணறுகளின் கட்டு பெரியவருக்கு முழங்காலுக்கு மேல் வராது. நாலு வயதுப் பிள்ளைக்கு அது ஏறி நின்று எட்டிப் பார்க்கத் தோதான உயரம். பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தால் இன்னும் வசதி. தண்ணீரில் விழுந்த பிள்ளை கத்தும், கையைக் காலை அடிக்கும், நமக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அநேகமாகச் சின்னப் பிள்ளை சத்தமே இல்லாமல் மூழ்கும். அதற்குக் கிணறுகூட வேண்டாம். இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலையின் பாரம் அதிகம், குனிந்து விழுந்தால் தானாக நிமிர்வது கஷ்டம். மலசலகூடத்தில் நிரப்பி வைத்திருக்கும் பரல், தரை கழுவ வைத்த வாளி, இதில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே போதும். ஆகவே கிணற்றுக்குக் கம்பி வலை மூடி, அதற்கொரு பூட்டு. பரலுக்கு இறுக்கமான மூடி. வாளியைப் பாவித்து முடிந்ததும் கவிழ்த்து, பிள்ளை கை எட்டாத இடத்தில் வைப்பது. மலசலகூடக் குழியின் மூடி உடைந்த இடத்தில் தகரத்தைப் போட்டுக் கல்லை வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறோம். அது மழை வருவதற்கு முன் கொங்கிறீட்டால் மூடப்பட வேண்டியது.

கேட் கொளுக்கிக்கு வருவோம். பெரிய ஆளின் தோள் உயரத்தில், உள்பக்கமாக ஒரு கொளுக்கி. வேலை அவ்வளவுதான். சிலர் பயத்தில் பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பைப் பொறுப்பாளரின் ஹேண்ட்பேக்கில் வைத்துவிடுகிறார்கள், அவர் வங்கிக்குப் போய்விடுகிறார். குசினிப் பக்கம் நெருப்புப் பிடித்தால் பிள்ளைகளோடு உள்ளே நிற்கும் டீச்சர் என்ன செய்வார்? பிள்ளையால் திறக்க முடியாததாகவும், எந்தப் பெரிய ஆளாலும் ஒரு நொடியில் திறக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

கேட்டைப் பற்றிப் பேசும்போது, பதினொன்றரைக்கு நேர்சரி விடும் நேரத்தையும் பேச வேண்டும். நம் ஊர்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

கேட்டடியில் நிற்பவர்களைப் பாருங்கள். உம்மா, வாப்பும்மா, சாச்சி, பக்கத்து வீட்டு மகள், மோட்டார் சைக்கிளில் ஒரு மாமா, இரண்டு ஆட்டோக் காக்காமார். பிள்ளை யாரைக் கண்டு ஓடுகிறதோ அவரோடு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், இங்கே யார் என்ன செய்யப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஓரளவுக்குச் சரி. ஆனால் நம் வீடுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்றும் பாருங்கள். உம்மா சவூதியில் அல்லது குவைத்தில். பிள்ளை உம்மம்மாவிடம். வாப்பா வேறு ஊரில் இன்னொரு குடும்பத்தோடு. இன்னொரு வீட்டில் விவாகரத்து வழக்கு காதி நீதிமன்றத்தில் போகிறது, பிள்ளை யாரிடம் என்று இரண்டு பக்கமும் இழுபறி. திடீரென்று ஒரு நாள் வாப்பாவின் தம்பி மோட்டார் சைக்கிளோடு வந்து, மகனை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னால், உயர்தரம் முடித்துவிட்டு நேற்று வேலைக்குச் சேர்ந்த இருபது வயது டீச்சர் என்ன சொல்வார்? அவர் வயதுக்கு மூத்தவர், ஊரில் தெரிந்த முகம். மறுத்தால், இவளுக்கு எவ்வளவு திமிர் என்று பேச்சு வரும். அனுப்பினால், ஏன் அனுப்பினாய் என்று பேச்சு வரும்.

அதனால்தான் எழுதி வைத்த விதி வேண்டும் என்கிறோம். சேர்ப்புப் படிவத்திலேயே பிள்ளையைக் கூட்டிச் செல்லக் கூடிய மூன்று பேரின் பெயர், படம், போன் நம்பர். அந்த மூன்று பேரைத் தவிர வேறு யார் வந்தாலும், படிவத்தில் இருக்கும் நம்பருக்கு டீச்சர் தானே எடுத்துக் கேட்க வேண்டும். வந்தவர் தன் போனை நீட்டி, இந்தா உம்மா லைனில் நிற்கிறா, பேசுங்கள் என்று சொல்வது கணக்கில் வராது. பதிவில் இல்லாதவரிடம் பிள்ளை ஒப்படைக்கப்படமாட்டாது என்று எழுதி, நிர்வாகத் தலைவர் ஒப்பமிட்டு, கேட்டடிச் சுவரில் ஒட்டி விடுங்கள். டீச்சருக்கு யாரோடும் மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. சுவரைக் காட்டினால் போதும். கோபம் வந்தால் தலைவரிடம் போகட்டும்.

முகம் மூடி வரும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நேர்சரிக்குள் பெண் டீச்சர்தான் நிற்கிறார். உள்ளே வந்து அவருக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிச் செல்வதில் மார்க்கத்துக்கு ஒரு குறையும் வராது. குரலை வைத்து ஆளைப் பிடிக்கும் வேலையை டீச்சரின் தலையில் கட்ட வேண்டாம்.

இன்னொன்று, எண்ணிக்கை. பிள்ளைகள் வந்ததும் ஒரு தடவை, இடைவேளை முடிந்து உள்ளே வந்ததும் ஒரு தடவை, விடும் முன் ஒரு தடவை. மூன்று தடவையும் கொப்பியில் எழுத வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு அரை மணி நேரத்துக்குள் ஒரு போன். உம்மா காலையில் ஆட்டோவில் ஏற்றிவிட்ட பிள்ளை வகுப்பில் இல்லை என்பதை எட்டரைக்கே தெரிந்துகொள்வதும், பன்னிரண்டு மணிக்குத் தெரிந்துகொள்வதும் ஒன்றா?

2019 ஏப்ரலுக்குப் பிறகு பாதுகாப்பு என்ற சொல்லின் அர்த்தமே நமக்கு மாறிப்போனது. பேக்கைக் கொட்டிச் சோதித்தார்கள், பெற்றோர் முறை வைத்துக் கேட்டடியில் நின்றார்கள். சாய்ந்தமருதில் 26ஆம் திகதி இரவு நடந்ததை இந்தக் கரையோரம் மறக்காது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் பிறகு பாதுகாப்பு என்றாலே வெளியாள், கமரா என்று ஆகிவிட்டது. வாசலில் சீசீடிவி கமரா பூட்டி அதைப் பேஸ்புக்கில் போட்ட நேர்சரியின் பின்வளவில் மூடியில்லாத கிணறு இருந்தது. கமரா நடந்ததைக் காட்டும், நடக்கும்போது ஓடிவந்து பிடிக்காது. கிணற்று மூடிக்கு மின்சாரமும் தேவையில்லை.

சிறுவர் துஷ்பிரயோகத்தைப் பற்றிப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பேசத்தான் வேண்டும். பிள்ளைக்குக் கெடுதல் செய்பவர் அநேகமாகப் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருப்பார். நமக்கும் தெரிந்தவராக, மரியாதைப்பட்டவராக இருப்பார். இதற்கு எந்தக் கமராவும் போதாது. பிள்ளையோடு ஒரு பெரிய ஆள் தனியாக, மூடிய கதவுக்குள் இருக்கும் நிலை வரக் கூடாது. யாராக இருந்தாலும் இதே விதிதான். மலசலகூடத்துக்குக் கூட்டிப் போவது டீச்சரோ உதவியாளரோ மட்டும், கதவு திறந்தபடி. திருத்த வேலைக்கு வரும் ஆட்கள் நேர்சரி விட்ட பிறகு வரட்டும். பிள்ளை திடீரென்று ஒருவரைக் கண்டு ஒதுங்கினால், படுக்கையில் மீண்டும் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், நேர்சரிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால், அடிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். குடும்ப மானம், பள்ளிவாசல் மானம் என்று நாலு பேர் கூடிச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவது, அந்த ஆளுக்கு அடுத்த பிள்ளையைக் கொடுப்பதாகும்.

இதோடு சேர்த்து, விழாப் படங்கள். பிள்ளையின் முழுப் பெயர், நேர்சரிப் பெயர், வாப்பாவின் பெயர் எல்லாம் எழுதி, உடுப்பு மாற்றும் நேரத்துப் படத்தைக்கூட எல்லோரும் பார்க்கும்படி போடுகிறோம். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டு, பெயர் போடாமல், குழுவாக எடுத்த படத்தைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இனி நோய். வட கீழ் பருவ மழை தொடங்கினால் நமக்கு டெங்குக் காலம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், அதுவும் காலை நேரத்தில் அதிகம். நம் பிள்ளைகள் நேர்சரியில் இருக்கும் நேரம் அதுவேதான். வீட்டில் இரவுக்கு வலை கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. நேர்சரி வளவுக்குள் போய்ப் பாருங்கள், முதலில் கண்ணில் படுவது வர்ணம் பூசிய பழைய டயர்கள். பாதி புதைத்து வேலியாக, அடுக்கி வைத்து விளையாட்டுப் பொருளாக, பூச்சாடியாக. அழகுதான். ஒவ்வொரு டயரின் உள்மடிப்பிலும் ஒரு கோப்பைத் தண்ணீர் நிற்கும். டயரை எறியத் தேவையில்லை, அடிப்பக்கத்தில் நாலு ஓட்டை போட்டால் தண்ணீர் நிற்காது. அல்லது மண்ணை நிரப்பிவிடலாம். நுளம்பு முட்டை காய்ந்த பாத்திரத்தில் பல மாதம் உயிரோடு கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள். அதனால் மாதத்துக்கு ஒரு சிரமதானம் வைத்துப் படம் எடுப்பதில் பயனில்லை. ஒவ்வொரு கிழமையும் இருபது நிமிடம் போதும். விடுமுறை முடிந்து திறக்கும் முதல் நாளுக்கு முன் கட்டாயம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெனடோல் பாணியைக் கொடுத்து, சூடு இறங்கியதும் நேர்சரிக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உம்மாமாரை மட்டும் குறை சொல்ல முடியாது. வேலைக்குப் போகிறவருக்கு லீவு கிடைக்காது, வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கும். ஆனால் டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் தொடங்குவது காய்ச்சல் விடும் நேரத்தில்தான். காய்ச்சல் விட்டது, சுகமாகிவிட்டது என்று நாம் அனுப்பும் அதே நாளில் பிள்ளை சோர்ந்து விழலாம். வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், இதில் எதைக் கண்டாலும் ஆஸ்பத்திரி. காய்ச்சலின் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. பரசிட்டமோலைத் தவிர வேறு வலி மருந்து, புரூபன், அஸ்பிரின் எதுவும் டொக்டர் சொல்லாமல் வேண்டாம். கை, கால், வாயில் கொப்புளம் போடும் நோயும் அப்படித்தான். ஒரு பிள்ளை வந்தால் ஒரு கிழமையில் பாதி வகுப்பு. அந்த நாட்களுக்குக் கட்டணத்தில் ஒரு கழிவு கொடுத்துப் பாருங்கள், நோயோடு அனுப்புவது தானாகக் குறையும்.

சேர்ப்பு நேரத்தில் பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறோம். மிட்வைப் மிஸ் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் கேளுங்கள். எம்எம்ஆர் தடுப்பூசி ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. மூன்று வயது ஊசி சரியாக நேர்சரிக்குச் சேரும் காலத்தில் வருவதால் பலருக்கு மறந்துபோகிறது. சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடு என்று 2019இல் நமக்குச் சான்று கிடைத்தது. 2023இல் அது திரும்பி வந்தது. தடுப்பூசி பற்றி வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளைப் பற்றி இங்கே எழுதினால் இன்னொரு பதிவு வேண்டும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. முழுத் திராட்சை, கச்சான், றம்புட்டான், உருண்டை டொபி, கப் ஜெலி. இவை ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், மற்றவற்றை நேர்சரிக்கு அனுப்பாதீர்கள், பிறந்தநாள் பொட்டலத்திலும் வேண்டாம். பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தம் வராமல் திணறினால் முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் பின்னால் நின்று அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்தம். இரண்டையும் மாறி மாறிச் செய்யும்போதே ஒருவர் 1990 சுவசெரியவுக்கு எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட வேண்டாம், இன்னும் உள்ளே போகும். இதை எழுத்தில் படித்தால் கைவராது. செஞ்சிலுவைச் சங்கமோ சென்ற் ஜோன் அம்புலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சிக்கு டீச்சர்மாரை அனுப்பி, அந்த நாள் சம்பளத்தையும் கொடுங்கள். பெருநாள் கடைகளில் விற்கும் வெளிச்சம் போடும் விளையாட்டுப் பொருட்களில் இருக்கும் பொத்தான் பற்றரியும் கவனம். அதை விழுங்கிய பிள்ளைக்குத் தொண்டைக் குழாய் இரண்டு மணி நேரத்திலேயே வெந்துபோகத் தொடங்கும். காலையில் வெளியேறிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆட்டோ விடயம் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பார்த்துக்கொண்டு போகிறோம். மூன்று பேர் போக வேண்டிய ஆட்டோவில் எட்டுப் பத்துப் பிள்ளைகள், ட்ரைவரின் இரண்டு பக்கமும் இரண்டு பேர், பேக்குகள் வெளியே தொங்குகின்றன. ஆட்டோக் காக்காவை மட்டும் திட்டிப் பயனில்லை. மாதம் இவ்வளவுதான் தருவோம் என்று நாம் பேரம் பேசும்போதே எத்தனை பிள்ளை ஏறும் என்பதும் முடிவாகிவிடுகிறது. ஆறு பெற்றோர் சேர்ந்து இரண்டு ஆட்டோ பேசுங்கள். வலது பக்கத்தைக் கம்பியால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்குவது வீதிக்கு மறுபக்கத்தில் வேண்டாம், நேர்சரிப் பக்கத்தில்.

மின்சாரத்துக்கு, ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமர்த்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியன்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். பாடசாலைகளும் விடுமுறை. அது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை ஒன்பது மணியாக இருந்திருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இன்று கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எத்தனை நேர்சரிகள் இருக்கின்றன. பாடசாலைகளில் சுனாமி ஒத்திகை நடக்கிறது, நேர்சரிகளில் அநேகமாக இல்லை. மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை ஓடச் சொன்னால் முப்பது பக்கமும் ஓடுவார்கள். நீளமான ஒரு கயிறு, அதில் கைபிடிக்க முடிச்சுகள், தூக்க வேண்டிய பிள்ளைகளைத் தூக்கப் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரின் முன்கூட்டிய சம்மதம், எந்த மாடிக் கட்டடம், எந்த ஒழுங்கை. வருடத்தில் இரண்டு தடவை விளையாட்டாகவே நடந்து பழக்கலாம். பெற்றோருக்கும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் பிள்ளையைத் தேடிக் கடல் பக்கம் ஓடிவராதீர்கள், பிள்ளைகள் இந்த மாடியில் இருப்பார்கள் என்று.

இவ்வளவையும் யார் செய்வது? டீச்சர்தான் என்று நினைத்தால் அந்தக் கொளுக்கிக்கே திரும்பிப் போகிறோம். பல நேர்சரிகளில் டீச்சரின் மாத வருமானம் ஒரு மேசனின் சில நாள் கூலி. கட்டணமாகச் சேர்வதிலிருந்து மிஞ்சியதும், வந்தால் ஒரு சிறு கொடுப்பனவும். அதை வைத்துக்கொண்டு அவர் படிப்பிக்க வேண்டும், கழுவ வேண்டும், கூட்ட வேண்டும், ஊரின் ஏச்சையும் கேட்க வேண்டும். எந்த நாளும் இரண்டு பெரிய ஆட்கள் இல்லாமல் நேர்சரி திறக்கப்படக் கூடாது. ஒருவர் லீவு என்றால் வருவதற்கு ஒரு ராத்தாவின் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கான காசைப் பெற்றோரும் நிர்வாகமும்தான் கொடுக்க வேண்டும். விழாவுக்குச் சேர்க்கும் காசில் ஒரு பிள்ளைக்கு 500 ரூபா ஒதுக்கினால் முப்பது பிள்ளைக்கு 15,000 ரூபா. கொளுக்கி, பரல் மூடி, முதலுதவிப் பெட்டி, டயருக்கு ஓட்டை, கயிறு எல்லாம் அதற்குள் முடியும். கிணற்று மூடிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

நிர்வாகங்களுக்கு ஒரு யோசனை. சேர்ப்புக்கு முன்னரே பீஎச்ஐ அவர்களை நீங்களாக அழைத்து வளவைச் சுற்றிக் காட்டுங்கள். பிழை பிடிக்க வருகிறார் என்று ஒளிக்கத் தேவையில்லை, அவர் சொல்வது இலவச ஆலோசனை. பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் வருவார். மாகாணத்தின் முன்பள்ளிப் பணியகத்தில் பதிவு இருக்கிறதா என்று பெற்றோர் கேட்டால் கோபிக்காமல் சான்றிதழைக் காட்டுங்கள். பெற்றோரே, படிவம் வாங்கப் போகும்போது பத்து மணிக்குப் போங்கள், பிள்ளைகள் வளவில் விளையாடும் நேரம். பிள்ளையின் உயரத்துக்குக் குந்தியிருந்து ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாத ஆணியும் வயரும் அப்போது தெரியும்.

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் இரண்டு பேர் வெல்டிங் வேலை செய்கிறார்கள். கிணற்று மூடிக்கும் கேட் கொளுக்கிக்கும் கூலி வேண்டாம், இரும்புக்கு மட்டும் காசு தந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். தேவையான நேர்சரிகள் கிணற்றின் விட்டத்தை அளந்து, ஒரு படத்தோடு இன்பொக்ஸில் அனுப்புங்கள். மழைக்கு முன் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.